வணக்கச் சொற்களும் நமது தம்மமும்

பகவன் புத்தரின் நன்னெறியைத் தழுவிய நம்மவரிற் பலர் அந்நெறியை முதன்முதலில் அறிந்துகொண்டது ஆங்கில நூல்களின் வாயிலாகவே. பேராசிரியர் லட்சுமி நரசு அவர்கள் 1907ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பௌத்தத்தின் சாரம்' ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. டாக்டர் அம்பேத்கர் அவர்கள் இயற்றி, அவர் மறைவுக்குப்பின் 1957ஆம் ஆண்டில் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் பெருநூலும் ஆங்கிலத்திலேயே எழுந்தது. பாளி மொழியிலுள்ள பழஞ்சூத்திரங்களை 1881இல் லண்டனில் நிறுவப்பெற்ற பாளி நூற் கழகத்தார் ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தனர். இவற்றுட் சில தமிழில் வந்துவிட்டன எனினும், நம் மாணவர்கள் இன்றும் ஆங்கில நூல்களையே மிகுதியும் நாடுகின்றனர். வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர் பிறமொழிப் பௌத்தரோடு அளவளாவுவதும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேதான்.

ஆகவே, வணக்கம், வழிபாடு, பக்தி என்பனவற்றை உணர்த்தும் ஆங்கிலச் சொற்களைத் தெளிவுற அறிந்துகொள்வது நமக்கு இன்றியமையாத கடமையாகிறது. இஃது இலக்கண ஆராய்ச்சி மட்டும் அன்று. நம்மிடம் ஒருவர் ஆங்கிலத்தில், "நீங்கள் புத்தரை வொர்ஷிப் செய்கிறீர்களா?" என்று வினவுகிறார் எனக் கொள்வோம். "ஆம்" என்றால், "அப்படியாயின் அவரும் உங்களுக்கு ஒரு கடவுள்தானே! ஓர் உருவத்தை விட்டு மற்றோர் உருவத்தைப் பற்றிக்கொண்டீர்கள், வேறென்ன மாற்றம்?" என்பார். "இல்லை" என்றால், "பின் ஏன் மலரும் விளக்கும்? ஏன் கைகூப்பித் தலை தாழ்த்துகிறீர்கள்?" என்று மடக்குவார். இரு விடையும் நம்மை இடரிலே வீழ்த்துகின்றன. குறை நம் நெறியில் இல்லை. பல பொருள்களை ஒன்றாய்ப் பிணைத்து நிற்கும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அப்பிணைப்பை அவிழ்ப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. வொர்ஷிப்

இச்சொல்லின் பழைய வடிவம் 'வொர்த்ஷிப்' என்பதை ஒத்தது. 'வொர்த்' என்றால் தகுதி, மதிப்பு. 'ஷிப்' என்பது தன்மையை உணர்த்தும் விகுதி. நட்பைக் குறிக்கும் 'ஃபிரண்ட்ஷிப்' என்னும் சொல்லிலும் அவ்விகுதியே உள்ளது. எனவே தகுதியுடைமை என்பதே இச்சொல்லின் முதற்பொருள். தகுதியுடையாரை மதித்தல் என்பது அதன் வழிப்பொருள். தெய்வத்துக்குச் செய்யும் வணக்கம் என்பது பின்னர் வந்து சேர்ந்தது.

பழைய பொருள் முற்றும் அழிந்துவிடவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையார் 1549இல் வெளியிட்ட வழிபாட்டு நூலின் திருமணச் சடங்கிலே, மணமகன் மணமகளைத் தன் உடலால் 'வொர்ஷிப்' செய்வதாக உறுதி கூறுகிறான். மனைவியைக் கடவுளாக்குவது அவன் கருத்தன்று. அவளை மதித்துப் போற்றுவேன் என்பதே கருத்து. லண்டன் மாநகரின் பழைய தொழிற் சங்கங்கள் தம் பெயருக்கு முன் 'வொர்ஷிப்ஃபுல்' என்னும் அடைமொழியை இன்றும் தாங்கி நிற்கின்றன. சென்னை மாநகரத் தந்தையையும் இவ்வடைமொழியால் அழைப்பது வழக்கம். தாழ்த்தப்பட்டோர் இயக்கத் தலைவராகிய ந. சிவராஜ் அவர்கள் 1945-46இல் சென்னை மேயராக வீற்றிருந்த காலத்தே அவருக்கும் இதுவே முறையான அடைமொழி. அதனைத் தமிழில் பெயர்த்தவர்கள் 'வழிபாட்டுக்குரிய மேயர்' என்று எழுதவில்லை. 'வணக்கத்துக்குரிய மேயர்' என்றே எழுதினார்கள். நுண்ணிய வேறுபாட்டை அவர்கள் செவ்வனே உணர்ந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

தகுதியை மதித்தல் என்பதே பொருளாயின், நாம் புத்தரை வொர்ஷிப் செய்கிறோம் என்பதில் இழுக்கு யாதுமில்லை. படைத்துக் காத்து அழிக்கும் ஒருவருக்கு ஆட்பட்டு நிற்றல் என்பது பொருளாயின், நாம் எவரையும் வொர்ஷிப் செய்வதில்லை. இக்காலத்தில் கேட்போர் செவியில் இரண்டாம் பொருளே முந்திப் படுதலால், வினவியவருக்கு வெறும் "ஆம்", "இல்லை" என்று விடையிறுத்தல் தகாது. எப்பொருளில் வினவுகிறீர் என்று கேட்டுத் தெளிந்தபின் விடை கூறுவதே முறை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. சட்டத்தின் மொழியில் இச்சொல்லை நாம் கைவிடலாகாது. நமது அரசியலமைப்பின் முகப்புரையில் குடிமக்களுக்கு உறுதியளிக்கப்பெற்ற உரிமைகளுள் 'வொர்ஷிப்' பற்றிய உரிமையும் ஒன்று. வழிபாட்டிடங்கள் பற்றி 1991இல் இயற்றப்பெற்ற சட்டமோ, கோயில், மசூதி, குருத்துவாரம், தேவாலயம், மடாலயம் ஆகியவற்றையும், எச்சமயத்தாரின் பொது வழிபாட்டிடத்தையும் ஒருசேர அச்சொல்லிலே அடக்குகிறது. நம் விகாரைகளும் அதனுள் அடங்குவனவே. ஆதலின் தத்துவ நுட்பம் பேசுவதாக எண்ணி, "எங்கள் விகாரை வழிபாட்டிடம் அன்று" என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுப்போர் தம் உரிமையைத் தாமே இழப்போராவர்.

2. அடோரேஷன், வெனரேஷன்

இவ்விரண்டும் லத்தீன் மொழியிலிருந்து வந்தவை. 'அடோரேஷன்' என்பது ஒருவரை நோக்கிப் பேசுதல், வேண்டுதல் என்னும் வினையடியிற் பிறந்தது. 'வெனரேஷன்' என்பது அன்பு, கவர்ச்சி எனப் பொருள்படும் சொல்லோடு தொடர்புடையது. உரோமைக் கிறித்தவ மறைநூலோர் இவற்றிடையே ஒரு வரம்பு கட்டினர். கடவுளுக்கு மட்டுமே உரிய உயர்வணக்கம் 'அடோரேஷன்'. அடியார்க்கும் அவர்தம் உருவங்களுக்கும் செய்யும் மதிப்பு 'வெனரேஷன்'. முன்னதைக் கிரேக்க மொழியில் 'லாட்ரியா' என்றும், பின்னதை 'தூலியா' என்றும் வழங்குவர்.

இவ்வரம்பு எளிதில் நிலைபெற்றதன்று. 787ஆம் ஆண்டில் நைசீயா என்னும் நகரில் கூடிய கிறித்தவப் பெருமன்றம், திருவுருவங்களுக்குத் தலைவணங்கலாம், ஆனால் கடவுளுக்குரிய தொண்டை அவற்றுக்குச் செய்யலாகாது என்று கிரேக்க மொழியில் தீர்மானித்தது. அத்தீர்மானத்தை லத்தீனில் பெயர்த்தவர்கள், தலைவணங்குதலைக் குறிக்கும் சொல்லுக்கு நேராக 'அடோரேஷன்' என்பதன் லத்தீன் மூலச்சொல்லையே இட்டுவிட்டனர். அதைப் படித்த பிராங்க் நாட்டு மன்னர் சார்லமேனின் அவைப் புலவர்கள், உருவங்களைக் கடவுளாகத் தொழச் சொல்கிறார்களே என்று வெகுண்டனர். 794இல் பிராங்க்ஃபர்ட்டில் கூடிய மன்றம் அதனைக் கண்டித்தது. மொழிபெயர்ப்பில் மாறிய ஒரு சொல் எத்துணைப் பெரும் பூசலை விளைத்தது பாருங்கள்! நம் நெறியைப் பிறமொழியில் எடுத்துரைப்போர் இவ்வரலாற்றை மறவாதிருத்தல் நன்று.

இவ்விரண்டனுள் நமக்கு ஏற்பது 'வெனரேஷன்' என்பதே. புத்தர் திருவுருவம், போதிமரம், தாதுக் கோபுரம் ஆகியவற்றை நாம் மதிப்பதைக் குறிக்க இச்சொல் பெரிதும் பொருந்தும். 'அடோரேஷன்' பொருந்தாமைக்குப் பகவனே சான்று. வக்கலி என்னும் பிக்கு நோயுற்றுக் கிடந்தபோது, பகவனை நேரிற் கண்டு வணங்கும் வலிமை உடலில் இல்லையே என்று வருந்தினார். அவரைக் காண வந்த பகவன், அழியும் இவ்வுடலைக் காண்பதால் என்ன பயன் என வினவி, தம்மத்தைக் காண்பவனே தம்மைக் காண்பவன் என்று தேற்றினார். தம் உருவத்தின்மேல் எழுந்த அன்பையும் தம்மத்தின்பால் திருப்பிவிட்ட ஆசிரியரை உருவ அளவிலே வைத்துப் போற்றுதல் எங்ஙனம் பொருந்தும்?

3. ரெவரன்ஸ்

அஞ்சி நிற்றல், வியந்து ஒடுங்குதல் என்னும் லத்தீன் வினையடியிலிருந்து வந்தது இச்சொல். ஆயினும் இன்றைய வழக்கில் அச்சம் தேய்ந்து, ஆழ்ந்த மதிப்பு என்பதே நிலைத்திருக்கிறது. பாளியிலுள்ள 'காரவ' என்னும் சொல்லுக்கு இதனை நேராகக் கொள்ளலாம். 'கரு' என்னும் பாளிச் சொல் கனமானது எனப் பொருள்படும். வடமொழியின் 'குரு' என்பதும் அதுவே. ஒன்றன் கனத்தை உணர்ந்து நடத்தலே காரவம். நாமும் "அவர் சொல்லுக்குக் கனம் உண்டு" என்கிறோமன்றோ?

இச்சொல்லைப் பற்றிய அரிய நிகழ்ச்சியொன்று சம்யுத்த நிகாயத்தில் உள்ளது. போதி பெற்ற சின்னாட்களில், உருவேலாவில் நேரஞ்சரை ஆற்றங்கரையில், ஆட்டிடையரின் ஆலமரத்தடியில் பகவன் தனித்திருந்தார். எவரையும் எதனையும் மதியாது வாழ்வது துன்பம் என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. தாம் யாரை மதித்துப் பணிந்து வாழ்வது என ஆராய்ந்தார். ஒழுக்கத்தினும் மனவொருமையினும் அறிவினும் விடுதலையினும் தம்மின் மிக்காரை அவர் யாண்டும் கண்டிலர். ஆகவே, தாம் உணர்ந்த தம்மத்தையே மதித்து வாழ்வதென உறுதி பூண்டார்.

இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படும். மதிப்பு என்பது தாழ்ந்தோன் உயர்ந்தோனுக்குச் செலுத்தும் கப்பம் அன்று. உயர்ந்தோர்க்கும் அஃது இன்றியமையாத பண்பு என்பது ஒன்று. மதிப்புக்குரியவர் ஒருவராகத்தான் இருத்தல் வேண்டும் என்பதில்லை, உண்மையும் மதிப்புக்குரியதே என்பது மற்றொன்று. "கடவுளை நம்பாதவர்க்குப் பணிவு ஏது?" என்று நம்மைக் கேட்போர்க்கு இந்நிகழ்ச்சியே தக்க விடையாகும்.

4. ஹாமேஜ்

'நமோ' என்னும் பாளிச் சொல்லை ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ஹாமேஜ்' என்றே பெயர்க்கின்றனர். இதன் வரலாற்றை நம்மவர் கட்டாயம் அறிதல் வேண்டும். 'ஹோமோ' என்பது லத்தீனில் மனிதன் எனப் பொருள்படும். இடைக்கால ஐரோப்பாவில் நிலம் பெறுவோன் நிலக்கிழானின் முன் மண்டியிட்டு, கூப்பிய தன் கைகளை அவன் கைகளுக்குள் வைத்து, "இன்று முதல் நான் உம்முடைய ஆள்" என்னும் கருத்துப்பட உறுதி கூறுவான். அச்சடங்கே 'ஹாமேஜ்' எனப்பட்டது.

கூப்பிய கையின் இவ்வரலாறு நமக்குப் புதியதன்று. நம் முன்னோர் எத்தனை தலைமுறை, ஆண்டைகளின் வாயிலில் கைகட்டியும் கைகூப்பியும் நின்றனர்! தோளில் கிடந்த துண்டை இடுப்பிலே கட்டி, காலணியைக் கையிலே ஏந்தி நடந்தனர். அந்தப் பணிவு அவர்கள் உள்ளத்தில் எழுந்ததன்று, அவர்கள்மேல் சுமத்தப்பட்டது. அதனைக் கண்டும் கேட்டும் வளர்ந்த நம் இளைஞருள் சிலர், "விகாரைக்குள்ளும் மீண்டும் தலை தாழ்த்துவதா?" என்று கேட்கின்றனர். இக்கேள்வியை முரட்டுத்தனம் என்று ஒதுக்கிவிடலாகாது. நியாயமான கேள்வி இது. இதற்குச் செவ்வையான விடை சொல்ல நாம் கடமைப்பட்டுள்ளோம்.

விடை விநய பிடகத்திலேயே இருக்கிறது. அனுருத்தர், ஆனந்தர் முதலிய சாக்கிய குலத்து இளைஞர்கள் சங்கம் புகச் சென்றபோது, அவர்களுக்கு மயிர்வினை செய்துவந்த உபாலியும் உடன் சென்றார். தமக்கு முன்னே உபாலிக்குத் துறவு அளிக்க வேண்டும் என அவ்விளைஞர்கள் பகவனை வேண்டினர். காரணம் யாது? சங்கத்தில் முன் புகுந்தவரைப் பின் புகுந்தவர் வணங்குதல் விதி. உபாலி முன்னே புகுந்தால், சாக்கியர் அனைவரும் அவரை வணங்கியாக வேண்டும். அதனால் தம் குலச்செருக்கு ஒடுங்கும் என்பது அவர்கள் கருத்து. பகவனும் அவ்வண்ணமே செய்தார். சிரைக்கும் தொழிலாளியின்முன் அரச குலத்தார் தலை தாழ்த்தினர். அவ்வுபாலியே பின்னர் விநயத்தில் தலைசிறந்தவராக விளங்கினார்.

சுனீதரின் வரலாறும் இத்தகையதே. அவர் வாடிய பூக்களைக் கூட்டிப் பெருக்கும் இழிதொழிலில் உழன்றவர்; மக்களால் வெறுத்து ஒதுக்கப்பட்டவர்; உள்ளம் குன்றி, கண்டவரையெல்லாம் வணங்கித் திரிந்தவர். பகவனை மகத நாட்டில் கண்டு வணங்கித் துறவு வேண்டினார். பகவன் "வருக" என அழைத்துக்கொண்டார். அவர் விடுதலை எய்தியபின், இந்திரனும் பிரமனும் வந்து கைகூப்பி அவரை வணங்கினர் எனத் தேரகாதை கூறுகிறது. எல்லாரையும் வணங்கி நின்றவர் வணங்கப்படுபவரானார். இடையே நிகழ்ந்தது பிறப்பின் மாற்றம் அன்று, ஒழுக்கத்தின் உயர்வு.

ஆண்டையின்முன் கூப்பிய கை அச்சத்தால் கூப்பியது. பிறப்பை நோக்கிக் கூப்பியது. கூப்பாவிடின் தண்டனை உண்டு. பகவன்முன் கூப்பும் கை விருப்பத்தால் கூப்புவது. குணத்தை நோக்கிக் கூப்புவது. கூப்பாதவனைத் தண்டிப்பார் எவருமில்லை. செயல் ஒன்றாய்த் தோன்றினும் பொருள் முற்றிலும் வேறு. இன்றைய ஆங்கில வழக்கில் 'ஹாமேஜ்' என்பது நிலக்கிழானை மறந்துவிட்டது. சான்றோர்க்குச் செலுத்தும் அஞ்சலி என்னும் பொருளையே தருகிறது. ஆகவே நாம் அதனைத் தயக்கமின்றி வழங்கலாம். ஆனால் அதன் பழைய விலங்கு உடைந்துவிட்டது என்பதை அறிந்து வழங்குவோமாக.

5. பிரேயர்

இச்சொல் இரத்தல் என்னும் லத்தீன் வினையடியிற் பிறந்தது. நிலையற்றது, நம்பத்தகாதது எனப் பொருள்படும் 'பிரிகேரியஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லும் அவ்வேரிலிருந்தே வந்தது. இரந்து பெற்றது என்பதே அதன் தொடக்கப் பொருள். பிறர் அருளால் பெற்ற பொருள் அவர் விரும்பும்போது பறிபோகும். ஆதலின் அது நிலையற்றதாயிற்று. இச்சொற்களின் உறவே ஒரு பாடமன்றோ?

நாலந்தாவில் அசிபந்தகபுத்தன் என்னும் ஊர்த்தலைவன், இறந்தோரை வேண்டுதலால் நற்கதி சேர்ப்பிக்கும் புரோகிதர்களைப் பற்றிப் பகவனிடம் பேசினான். அதற்குப் பகவன் ஓர் உவமை கூறினார். ஒருவன் ஆழமான நீர்நிலையில் பெரும் பாறையொன்றை எறிகிறான். மக்கள் திரளாகக் கூடி, கைகூப்பி, நீரை வலம் வந்து, பாறையை மேலே மிதந்து வரும்படி வேண்டுகின்றனர். வேண்டுதலால் பாறை மிதக்குமா? தீவினை செய்தவனை வேண்டுதல் உயர்த்தாது. நல்வினை செய்தவனை எவர் சாபமும் தாழ்த்தாது என்பதே அவர் காட்டிய உண்மை.

எனவே நம் விகாரையில் நிகழ்வதைப் 'பிரேயர்' என்று சொல்லுதல் பொருந்தாது. திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதுவதை 'ரெசிடேஷன்' அல்லது 'சாண்டிங்' என்றும், புத்தரின் குணங்களை நினைந்திருத்தலை 'ரெகலெக்ஷன்' என்றும், எல்லா உயிரும் இன்புறுக என்னும் நல்லெண்ணத்தை 'ஆஸ்பிரேஷன்' என்றும் குறிப்பிடலாம். விகாரை அறிவிப்புப் பலகையிலும் அழைப்பிதழிலும் 'பிரேயர் மீட்டிங்' என அச்சிடும் வழக்கம் சில ஊர்களில் உள்ளது. அதை மாற்றிக்கொள்ளுதல் நலம். பஞ்சசீலத்தில் நாம் எவரிடமும் எதனையும் இரப்பதில்லை. நம்மை நாமே கட்டுப்படுத்திக் கொள்கிறோம்.

6. டிவோஷன், ஃபெய்த்

சூளுரைத்துத் தன்னை ஒப்புக்கொடுத்தல் என்பது 'டிவோஷன்' என்பதன் அடிப்பொருள். பழைய உரோமானியப் படைத்தலைவன், தன் படை வெல்லும்பொருட்டுத் தன் உயிரையே தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டு பகைவர் நடுவே பாய்வதும் இச்சொல்லின் மூலத்தாலேயே குறிக்கப்பட்டது. நம் நாட்டில் 'பக்தி' என்பதற்கு நேராக இதனை வழங்குகின்றனர். ஒரு குறிக்கோளுக்குத் தன்னை ஒப்படைத்தலாயின் டிவோஷன் நன்று. ஆராய்ச்சியைக் கைவிட்டு ஓர் ஆளுக்கு ஒப்படைத்தலாயின் தீது.

இதனை டாக்டர் அம்பேத்கர் அவர்களினும் தெளிவாக எடுத்துரைத்தவர் இலர். 1949ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில், சமயத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம். அரசியலில் பக்தியும் வீரவணக்கமும் வீழ்ச்சிக்கும் இறுதியில் சர்வாதிகாரத்துக்குமே வழி என்று அவர் எச்சரித்தார். இவ்வெச்சரிக்கை அவரைப் போற்றும் நமக்கும் உரியது. நம் இல்லங்களில் பகவனின் திருவுருவத்தோடு பாபாசாகேப்பின் படமும் அருகருகே விளங்குகிறது. அது முறையே. ஆனால் அவர் படத்தின்முன் வேண்டுதல் வைப்பதும், தேர்வில் வெற்றி கேட்பதும் அவர் சொல்லையே மறுப்பதாகும். 'ஜெய் பீம்' என்பது வாழ்த்து, பிரேயர் அன்று. அவரை நாம் ரெவரன்ஸோடு நினைக்கிறோம். கிராட்டிட்யூட், அதாவது நன்றியுணர்வோடு நினைக்கிறோம். அவர் நூல்களைப் பயில்வதே அவருக்கு ஏற்ற மலர்.

'ஃபெய்த்' என்பது நம்பிக்கை. பாளியில் 'சத்தா' என்றும் வடமொழியில் 'சிரத்தா' என்றும் வழங்கும் சொல்லுக்கு இதனை நேராக இடுவர். உள்ளத்தை ஒன்றிலே வைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். லத்தீன் மொழியில் நம்புகிறேன் எனப் பொருள்படும் 'கிரெடோ' என்னும் சொல்லும் அதே தொன்மூலத்தில் தோன்றியது என்பர் மொழிநூலார். ஆயினும் பிறந்த பின் இரண்டும் வேறு வேறு வழி சென்றன. கிரெடோ, ஏற்றாக வேண்டிய கோட்பாடுகளின் தொகுதிக்குப் பெயராயிற்று. சத்தாவோ உள்ளத் தெளிவைக் குறித்து நின்றது. மிலிந்த பஞ்ஹத்தில் நாகசேனர் இதற்கு ஓர் உவமை கூறுகிறார். பேரரசனிடம் நீரைத் தெளிவிக்கும் மணியொன்று உண்டு. படை கடந்து கலங்கிய நீரில் அதனை இட்டால் சேறு அடங்கி நீர் தெளியும். அதுபோன்றே சத்தா உள்ளத்தைத் தெளிவிக்கும் என்பது அவ்வுவமை. கண்ணை மூடச் செய்வது சத்தா அன்று. காணும் நீரைத் தெளிவிப்பதே சத்தா. மேலும், அறிவின்றிச் சத்தா மட்டும் மிகுந்தவன் நம்பத் தகாதவற்றை நம்புவான் என ஆசாரியர் புத்தகோசரும் விசுத்திமார்க்கத்தில் எச்சரித்துள்ளார். ஆதலின் இதனை 'கான்ஃபிடன்ஸ்' எனப் பெயர்த்தல் சாலச் சிறந்தது. 'பிளைண்ட் ஃபெய்த்' நம் நெறியில் இடம் பெறாது.

7. அடைமொழிகள் சில

பிக்குகளை ஆங்கிலத்தில் 'வெனரபிள்' என அழைத்தல் மரபு. கிறித்தவக் குருமார்க்குரிய 'ரெவரண்ட்' என்பதும் சில இடங்களில் வழங்குகிறது. இரண்டும் மதிப்புக்குரியவர் என்றே பொருள்படும். ஆயினும் குழப்பம் நேராவண்ணம் முன்னதையே கொள்க.

'பகவா' என்பதனை 'லார்டு' என்று பெயர்ப்பவர் உளர். உணவைக் காத்து வழங்கும் வீட்டுத் தலைவன் என்பதே அச்சொல்லின் பழம்பொருள். இன்று அது கடவுளையும் பிரபுவையும் குறித்தலால், 'தி புத்தா' என்றோ 'தி பிளெஸ்ட் ஒன்' என்றோ குறிப்பிடுதல் ஐயத்துக்கு இடம் தராது.

'ஐடல்' என்பது போலித் தோற்றம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிற சமயத்தாரைப் பழிக்கவே பெரிதும் வழங்கப்பட்டது. புத்தர் திருவுருவத்தை 'இமேஜ்' என்று சொல்லுக. தொடக்க நூற்றாண்டுகளின் சிற்பங்களில் பகவனுக்கு மனித உருவமே இல்லை. வெறுமையான ஆசனம், போதிமரம், தம்ம சக்கரம், திருவடிச் சுவடு ஆகியவையே அவரைக் குறித்தன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள அமராவதிச் சிற்பங்களில் இவற்றை இன்றும் காணலாம். அவ்வெற்று ஆசனத்தின்முன் மக்கள் கைகூப்பி நிற்கும் காட்சி, அவர்கள் வணங்கியது கல்லை அன்று, ஆசிரியரின் குணங்களையே என்பதை உணர்த்துகிறது.

8. நம் தமிழ்ச் சொல்

நிற்க. இத்துணை ஆங்கிலச் சொற்களை ஆராய்ந்தபின் நம் தாய்மொழியை நோக்குவோம். 'வணங்குதல்' என்பதற்கு வளைதல் என்பதே முதற்பொருள். உடலின் செயலைக் குறித்தது. 'வழிபடுதல்' என்பதோ இதனினும் ஆழமானது. வழியிலே படுதல், அதாவது ஒருவர் காட்டிய வழியிலே நடத்தல் என்பதே அதன் பொருள். பின்பற்றி ஒழுகுதல் என்னும் பொருளிலேயே பண்டையோர் இதனை ஆண்டனர்.

பகவன் குசிநாரையில் இரட்டைச் சால மரங்களின் இடையே இறுதிப் படுக்கையில் கிடந்தபோது, பருவமின்றியே அம்மரங்கள் பூத்து அவர் திருமேனியில் மலர் சொரிந்தன. வானத்திலிருந்தும் மலர்கள் வீழ்ந்தன. அதனைக் கண்ட பகவன் ஆனந்தரை நோக்கி, ததாகதரைப் போற்றும் முறை இஃதன்று. பிக்குவாயினும் பிக்குணியாயினும் உபாசகனாயினும் உபாசிகையாயினும் தம்மத்தின் வழியே நடப்பவர் எவரோ அவரே ததாகதரை மேலான பூசையால் போற்றியவர் என்று அருளினார். மலர் முதலியவற்றால் செய்வதை ஆமிச பூஜை என்றும், ஒழுகிக் காட்டுவதைப் படிபத்தி பூஜை என்றும் நம் நூலோர் பகுத்தனர். முன்னது விலக்கப்பட்டதன்று, பின்னதற்குப் படியாய் அமைவது.

இப்படிபத்தி பூஜையைக் குறிக்க ஆங்கிலத்தில் தனிச்சொல் ஒன்று இல்லை. பல சொற்களைக் கூட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழிலோ 'வழிபாடு' என்னும் ஒரு சொல்லே அதனை முழுமையாக உணர்த்துகிறது. ஆதலின், "நீங்கள் புத்தரை வொர்ஷிப் செய்கிறீர்களா?" என்று இனி எவரேனும் வினவினால் அஞ்ச வேண்டுவதில்லை. "அவரிடம் நாங்கள் எதனையும் இரப்பதில்லை, அவருக்கு அஞ்சுவதும் இல்லை. அவருடைய தகுதியை உணர்ந்து வணங்குகிறோம், அவர் காட்டிய வழியிலே நடக்க முயல்கிறோம், எங்கள் மொழியில் இதற்குத்தான் வழிபாடு என்று பெயர்" என்று தலைநிமிர்ந்து விடை கூறுவோமாக. அவ்விடை மெய்யாவது நம் நாவினால் அன்று. பஞ்சசீலத்தை நாம் நாள்தோறும் காக்கும் திறத்தினாலேயே ஆகும்.

பயிற்சி வினாக்கள்

1. மணமகளையும் மேயரையும் குறித்து வழங்கிய 'வொர்ஷிப்' என்னும் சொல், இன்று எப்பொருளில் சுருங்கியது?

2. ஆண்டையின்முன் கைகூப்புதற்கும் பகவன்முன் கைகூப்புதற்கும் உள்ள வேறுபாடுகள் மூன்றனைக் கூறுக. உபாலியின் வரலாறு இதற்கு எவ்வாறு துணை செய்கிறது?

3. உங்கள் ஊர் விகாரையின் அழைப்பிதழை ஆங்கிலத்தில் எழுதுவதாயின், 'பிரேயர்' என்பதற்கு மாற்றாக எச்சொல்லை இடுவீர்கள்? காரணம் யாது?

4. நீங்கள் அண்மையில் செய்த ஆமிச பூஜை ஒன்றையும், அதற்கு ஈடாகத்தக்க படிபத்தி பூஜை ஒன்றையும் எண்ணிப் பார்த்து, அடுத்த ஞாயிற்றுக் கூட்டத்தில் எடுத்துரைக்க.